அச்சமும் கூலியும்: பெருந்தொற்றுக் காலத்தில் தொழிலாளரின் வருமானப் பாதுகாப்பு

நோயுற்ற தொழிலாளிக்கு ஓர் உதவித்தொகை உண்டு. வேலையில் காயமுற்றவருக்கு வேறொன்று. வேலையையே இழந்தவருக்கு மூன்றாவது ஒன்று. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் தொட்டு நம் நாட்டில் படிப்படியாக அமைந்த ஏற்பாடு இது. 2020இல் கோவிட் பெருந்தொற்று பரவியபோது, இம்மூன்றிலும் அடங்காத ஒருவர் ஆலை வாயிலில் நின்றார். அவர் நோயாளி அல்லர், காயமுற்றவரும் அல்லர், வேலையும் அவருக்காகக் காத்திருந்தது. உள்ளே சென்றால் நோய் தொற்றும், அதனை வீட்டிலுள்ள முதியோருக்கும் கொண்டு சேர்க்க நேரும் என்று அவர் அஞ்சினார். விலகி நின்ற நாள்களுக்கு அவருடைய கூலிக்கு யார் பொறுப்பு?

கேள்வி புதிதன்று. 1896இல் பம்பாயில் பிளேக் நோய் தோன்றியபோது, பஞ்சாலைத் தொழிலாளர் பெருந்திரளாக நகரை விட்டு வெளியேறினர். கூலியை நிலுவையில் வைத்திருந்து வழங்குவது அக்காலத்து ஆலைகளின் வழக்கம். ஆள் கிடைக்காமற் போகவே, அன்றன்றைய கூலியை அன்றன்றே தரும் நிலைக்கு ஆலை முதலாளிகள் இறங்கி வந்தனர். எனினும் ஊர் திரும்பியவருக்கு உதவித்தொகை ஏதும் இல்லை. சொந்தக் கிராமமே அவருக்குக் காப்பீடு.

2020இல் அரசு முதலில் நாடியது ஆணையின் வழி. ஊரடங்குக் காலத்தில் கூலியைப் பிடித்தமின்றி வழங்குமாறு, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் மத்திய உள்துறை அமைச்சகம் மார்ச் 29 அன்று முதலாளிகளுக்கு ஆணையிட்டது. மே 18 முதல் அவ்வாணை விலக்கப்பட்டது. இரு தரப்பினரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு வழங்கியது. ஆணை நடப்பில் இருந்தபோதும், மூடப்பட்ட ஆலையின் தொழிலாளியையே அது கருதியது. திறக்கப்பட்ட ஆலைக்குள் நுழைய அஞ்சியவருக்கு அதனால் பயனில்லை.

ஈட்டுறுதித் திட்டத்தின் விதிகளை நோக்கினால் இடைவெளி இன்னும் தெளிவாகும். முதலாளி 3.25 விழுக்காடும் தொழிலாளி 0.75 விழுக்காடும் செலுத்தும் சந்தாவில் இத்திட்டம் இயங்கி வந்தது. நோய்க்கால உதவித்தொகை கூலியில் 70 விழுக்காடு. ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு மருத்துவரின் சான்று வேண்டும். நோய் வராதவருக்கு எந்த மருத்துவர் சான்றளிப்பார்? வேலையிழந்தோருக்கென 2018இல் தொடங்கப்பட்ட அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா, கூலியில் 25 விழுக்காட்டை 90 நாள் வரை வழங்கியது. பெருந்தொற்றினை ஒட்டி, 2020 மார்ச் 24 முதல் இது 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. காத்திருக்கும் காலம் 90 நாளிலிருந்து 30 நாளாகக் குறைந்தது. முதலாளியின் வழியாக அன்றிக் கிளை அலுவலகத்திலேயே நேரில் விண்ணப்பிக்கவும் இடம் தரப்பட்டது. பாராட்டத்தக்க தளர்வுகளே இவை. ஆயினும் அது வேலையை இழந்தவருக்கு உரியது. வேலை இருந்தும் அபாயம் கருதி விலகியவருக்கு அன்று.

கோவிட் நோயால் மாண்ட காப்பீட்டாளரின் குடும்பத்துக்குக் கூலியில் 90 விழுக்காடு வழங்கும் திட்டத்தை 2021இல் ஈட்டுறுதிக் கழகம் கொண்டுவந்தது. தேவையான உதவியே. ஆயினும் நோய்க்கு இரையான பின் கிடைத்த 90 விழுக்காட்டில் ஒரு சிறு பகுதியேனும், நோயைத் தவிர்க்க முயன்றவருக்குக் கிடைக்கவில்லை என்பது உறுத்துகின்றது.

அபாயத்தை எடுத்துச் சொல்லும் உரிமை சட்டத்தில் இல்லாமல் இல்லை. 1984ஆம் ஆண்டின் போபால் நச்சுவாயு விபத்துக்குப் பின், 1987இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டு 41-எச் பிரிவு சேர்க்கப்பட்டது. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி அபாயம் நேரும் என்ற நியாயமான ஐயம் எழுந்தால், தொழிலாளர் அதனை நிர்வாகத்துக்கும் ஆய்வாளருக்கும் ஒருசேரத் தெரிவிக்கலாம். அபாயம் இல்லை என நிர்வாகம் கருதினால், ஆய்வாளரின் முடிவே இறுதியானது. ஆனால் அபாயகரமான உற்பத்தி முறைகளைக் கொண்ட ஆலைகளுக்கே இது பொருந்தியது; விபத்தினால் விளையும் அபாயத்தையே குறித்தது, தொற்றுநோயை அன்று. இவ்வகை உரிமையை ஏனைய பணியிடங்களுக்கும் விரித்த 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும், முடிவு தெரியும்வரை விலகி நிற்பவரின் கூலியைப் பற்றிப் பேசவில்லை. அன்றாடக் கூலியில் அடுப்பெரியும் வீட்டில், கூலியற்ற உரிமையை எத்தனை பேர் கையாள முடியும்?

1981இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய 155ஆம் உடன்படிக்கை இன்னும் ஓரடி முன்சென்றது. உடனடியான, கடுமையான அபாயம் உண்டென நியாயமாக நம்பி வேலையிலிருந்து விலகியவரைத் தகாத விளைவுகளிலிருந்து காக்க வேண்டும் என்பது அதன் கூற்று. 2022இல் இவ்வுடன்படிக்கை அவ்வமைப்பின் அடிப்படை உடன்படிக்கைகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அமெரிக்காவில், பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றாத பணியிடத்துக்குத் திரும்ப மறுத்தவரும் பெருந்தொற்றுக்கால வேலையின்மை உதவிக்கு உரியவராகலாம் என 2021 பிப்ரவரியில் அந்நாட்டுத் தொழிலாளர் துறை அறிவித்தது. அங்கே அச்சம் மட்டும் போதாது. பணியிடத்தின் குறை காட்டப்பட வேண்டும்.

இவ்வேறுபாடு முக்கியமானது. அச்சம் என்ற ஒன்றையே காரணமாகக் கொண்டால் நிதி தாங்காது என்ற வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2020 ஏப்ரல் 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகள் அளக்கத்தக்கவை. இரு ஷிப்டுகளுக்கிடையே ஒரு மணி நேர இடைவெளி இருந்ததா, ஆள்களுக்கிடையே உரிய தூரம் இருந்ததா என்பதை ஓர் ஆய்வாளர் ஒரே நாளில் கண்டறியலாம். நோய்க்கு மருத்துவரின் சான்று போல, பணியிடத்துக்கு ஆய்வாளரின் சான்று அமையக்கூடும். குறை உறுதியானால், விலகி நின்ற நாள்களின் கூலி முதலாளியைச் சாரும். ஆய்வு தாமதமானால், முடிவு தெரியும்வரை காப்பீட்டு நிதி பாதிக் கூலியைத் தாங்கலாம். சான்று கிடைக்காதவர் வேலைக்குத் திரும்ப வேண்டியதே.

இவ்வளவும் மாதம் ரூ. 21,000 வரை கூலி பெற்று ஈட்டுறுதி வரம்புக்குள் இருந்தோருக்கே பொருந்தும். கட்டடத் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் தள்ளுவண்டி வியாபாரிகளும் இதற்கு வெளியே நின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் அவர்களின் தொழிலும் வங்கிக் கணக்கும் இடம்பெறத் தொடங்கியுள்ளன. பணத்தைக் கொண்டு சேர்க்க இது வழியாகும். ஆனால் ஆய்வாளர் நுழைந்து பார்க்க ஓர் ஆலை வாயில் அவர்களுள் பலருக்கு இல்லை. ஆகவே அவர்களைப் பொறுத்தவரை, பணியிடத்தின் குறையை அன்றி, அப்பகுதியில் நோய்ப் பரவலின் அளவையே உதவிக்கு அடிப்படையாகக் கொள்ள வேண்டியிருக்கும்.