கூட்டணுமா, கழிக்கணுமா டீச்சர்?

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்த வாழ்க்கைக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்: ‘கவிதாவிடம் 48 மணிகள் உள்ளன. இது மீனாவிடம் உள்ளதைவிட 12 அதிகம். எனில், இருவரிடமும் உள்ள மொத்த மணிகள் எத்தனை?’

முதலில் வந்து விழும் விடை பெரும்பாலும் 60. ‘மொத்தம்’ கண்ணில் பட்டதும் 48-ஐயும் 12-ஐயும் கூட்டியாயிற்று. சிலர் 108 என்பார்கள். ‘அதிகம்’ என்பதைப் பார்த்து மீனாவுக்கு 60 மணிகளைக் கொடுத்துவிட்டு, பிறகு இருவருடையதையும் கூட்டியிருப்பார்கள். மீனாவிடம் இருப்பது 36. ஆக, விடை 84.

கூட்டுவதில் யாரும் பிசகவில்லை. 60 சொன்ன பிள்ளையைவிட 108 சொன்ன பிள்ளை வெகுதூரம் முன்னால் வந்திருக்கிறாள். இது இரண்டு படிக் கணக்கு என்று அவளுக்குப் புரிந்திருக்கிறது. யாரிடம் அதிகம் என்பதில்தான் சறுக்கல். இரண்டு நோட்டிலும் ஒரே மாதிரி சிவப்பு மையில் தப்பு போட்டுவிட்டால், இந்த வித்தியாசம் ஆசிரியர் கண்ணிலேயே படாமல் போய்விடும்.

‘மொத்தம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி, வீதம் என்றால் பெருக்கு’ என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்லித் தருகிறோம். இரண்டாம் வகுப்பின் ஒற்றைப்படிக் கணக்குகளில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால், வாக்கியத்தைப் படிக்காமலே விடைக்குப் போய்விடலாம் என்ற பழக்கத்தையும் அது கூடவே கொடுத்துவிடுகிறது. இந்தப் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் 1970-களின் இறுதியில் சிறு வகுப்புக் குழந்தைகளிடம், ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் உள்ளன. கப்பல் தலைவரின் வயது என்ன?’ என்று கேட்டார்கள். 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்து ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்!

மணிக் கணக்குக்குத் திரும்புவோம். இதைச் சொல்லித்தர எனக்குத் தெரிந்த சிறந்த வழி, எண்ணைத் தொடுவதற்கு முன் படம் போடவைப்பது. 1980-களில் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிக் கணிதத்துக்குள் வந்த பட்டைப் பட முறை இது. கவிதாவுக்கு ஒரு பட்டை, அதன் கீழே மீனாவுக்கு ஒரு பட்டை. ‘யாருடைய பட்டை நீளம்?’ இந்த ஒரு கேள்வியில் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும், வாதாடட்டும். கணக்கை மறுபடி வாசித்து, கவிதாவின் பட்டைதான் நீளம் என்று அவர்களே கண்டுபிடித்து, நீட்டிக்கொண்டிருக்கும் துண்டில் 12 என்று எழுதும்போது, மீனாவுடையதைத் தெரிந்துகொள்ளாமல் மொத்தத்துக்குப் போக முடியாது என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

கணக்கு கேட்காமல் விட்ட அந்த நடுக் கேள்வியில்தான் பலபடிக் கணக்கின் கஷ்டம் முழுவதும் இருக்கிறது. அதைக் கேட்கப் பழக்க, கடைசிக் கேள்வியை மறைத்துவிடலாம். ‘ஒரு நோட்டு 35 ரூபாய். குமார் 4 நோட்டும் 15 ரூபாய்க்கு ஒரு பேனாவும் வாங்கினான். 200 ரூபாய் கொடுத்தான்.’ அவ்வளவுதான். ‘இதிலிருந்து என்னவெல்லாம் கண்டுபிடிக்கலாம்?’ 4 நோட்டுக்கும் எவ்வளவு, எல்லாம் சேர்த்து எவ்வளவு, கடைக்காரர் எவ்வளவு திருப்பித் தருவார் என்று கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். 140, 155, 45. படிகள் என்பவை அவர்கள் கேட்ட கேள்விகளேதான்.

எழுதும் முறையிலும் ஒரு கவனம் வேண்டும். ‘4 × 35 = 140 + 15 = 155’ என்று ஒரே ஓட்டமாக எழுதுவதைப் பல வகுப்புகளில் பார்க்கலாம். விடை சரி, சமன்பாடு தவறு. 4 × 35 எப்படி 155 ஆகும்? ‘4 நோட்டுகளின் விலை’ என்று தொடங்கி வரிக்கு ஒரு படியாக எழுதினால், தான் எதைக் கண்டுபிடித்தோம் என்பதும் பிள்ளைக்கு மறக்காது.

அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்கள் பல பொருள்களின் விலையை மனத்திலேயே போட்டு மீதிச் சில்லறை தருகிறார்கள். அவர்களில் பலர் பள்ளிப் பாணிக் கணக்கில் தடுமாறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. கணக்கிடும் திறமை இரு தரப்பிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு அதைக் கொண்டுபோக நாம்தான் கற்றுத்தரவில்லை.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. பயிற்சியில் உள்ள பத்துக் கணக்கையும் முடித்தாக வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. இருந்தும் சொல்கிறேன், வாரத்தில் ஒரு பாடவேளையை ஒரே ஒரு கணக்குக்கு விட்டுக்கொடுங்கள். தேர்வில் விடைக்கு மட்டும் அல்லாமல் படத்துக்கும் ஒவ்வொரு படிக்கும் மதிப்பெண் கொடுங்கள். வீட்டுப்பாடத்துக்குக் கேள்வியே இல்லாத கணக்கு ஒன்றைக் கொடுத்தனுப்புங்கள். கேள்வியைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டு வரட்டும்; விடையை மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்டுபிடிக்கட்டும்.