உலை ஏறும் வேளையும் உண்ணும் வேளையும்

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட கிராமங்களில், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையும் கரும்பும் நெல்லும் மாறி மாறி விளையும் அந்தப் பழைய தென்னாற்காட்டுச் சீமையில், கூலிக்கு உழைத்துப் பிழைத்த குடும்பங்களின் வீட்டில் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் உலை ஏறியது. அதுவும் பொழுது சாய்ந்து, நடவுக்கோ களையெடுப்புக்கோ போன பெண் வீடு திரும்பி அரிசி களைந்த பிறகுதான். சுடுசோறு என்பது இரவுக்குரிய ஆகாரமாகவே இருந்தது. இதை மட்டும் கேட்கிற வைத்தியர், இரவில் வயிறு நிறைய உண்பது சரீரத்துக்கு ஆகாதே என்று முகம் சுளிக்கக்கூடும். ஆனால் அந்தப் பானையில் வெந்த சோறு முழுவதும் அன்றிரவே உண்ணப்பட்டுவிடவில்லை; ஒரு பங்கு நீரூற்றி மூடி வைக்கப்பட்டு, மறுநாள் விடியலில் பழையதாகவும் நீராகாரமாகவும், சின்ன வெங்காயத்தோடும் முந்தின நாள் குழம்போடும், வேலைக்குப் புறப்பட்டவர்களின் வயிற்றை நிறைத்தது. கம்பங்கூழோ கேழ்வரகுக் கூழோ காய்ச்சிய வீடுகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். மாலையில் சமைத்ததைக் காலைக்கென்று ஒதுக்கி வைத்த இந்த வழக்கத்தை வறுமையின் அடையாளமாக மட்டுமே பார்த்துப் பழகிவிட்ட நாம், அதில் அடங்கியிருந்த ஆரோக்கிய விசேஷத்தைக் கவனிக்கத் தவறிவிட்டோம் என்றே கருதுகிறேன்.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வகுத்த கணக்கின்படி, 55 கிலோ எடையுள்ள பெண் உட்கார்ந்தே வேலை செய்பவராயின் நாளொன்றுக்கு 1,660 கலோரி போதும். கடும் உழைப்பாளியாயின் 2,720 கலோரி வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இவையே 2,110 ஆகவும் 3,470 ஆகவும் உயர்கின்றன. நாள் முழுவதற்குமான இந்தத் தொகையை எந்த வேளைக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது நம் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. வெயில் ஏறுமுன் வயலில் இறங்கி உச்சிப்பொழுதுக்குள் அன்றைய உழைப்பின் பெரும்பங்கை முடித்துவிடுகிற ஒருவர், அந்த உழைப்புக்கு முன்பாகவே கணிசமான ஆகாரத்தைக் கொள்வது இயல்பாக இருந்தது.

இப்போதோ காட்சி மாறியிருக்கிறது. விடியலில் சர்க்கரை தூக்கலாய் ஒரு டீ, கூடவே ஒரு பன்னோ வடையோ. அதன்பின் சென்னைக்கும் செங்கற்பட்டுக்கும் புதுச்சேரிக்குமாக ரயிலிலும் பேருந்திலும் நெடும்பிரயாணம். மதியம் கிடைத்ததைக் கிடைத்த நேரத்தில் உண்டு, இரவு ஒன்பதுக்கும் பத்துக்கும் வீடு வந்து சேர்ந்த பிறகு, அல்லது திண்டிவனம் பேருந்து நிலையத்தை ஒட்டிய பரோட்டாக் கடையில் உட்கார்ந்த பிறகுதான், அன்றைய முழுமையான சாப்பாடு. இரவு பத்து மணிக்கு உண்பவரைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அந்த நேரத்தை அவர் விரும்பித் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை, அவருடைய வேலை தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ஆயினும் அந்த நேரம் உடம்புக்கு எத்தகைய நேரம் என்பதை அறிந்துகொள்வது அவருக்கு மிகவும் அவசியம்.

மூளையின் அடிப்பகுதியில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கூட்டம் இருந்து, பகலின் வெளிச்சத்தையும் இரவின் இருளையும் கண்டு, சரீரத்தின் ஒரு நாள் தாளத்தை நடத்துகிறது. கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனியே இத்தகைய தாளம் உண்டு. அவை வெளிச்சத்தைக் காட்டிலும் உணவு வந்து சேரும் நேரத்தைக் கொண்டே தங்களைத் திருத்திக்கொள்கின்றன. இந்தத் தாளத்தை உயிரணுவுக்குள் இயக்கும் மரபணுக்களின் செயலைப் பழ ஈக்களில் ஆராய்ந்து கண்டதற்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

நமக்கு இதில் பிரதானமான விஷயம் இன்சுலின். ஒரே அளவு சோற்றைக் காலையில் உண்டால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை விரைவில் தணிந்துவிடுகிறது. அதையே இரவில் உண்டால் சர்க்கரை அதிக உயரம் ஏறி, அதிக நேரம் அங்கேயே நிற்கிறது. இருள் கவிந்தபின் உறக்கத்துக்கு ஆயத்தமாக மெலடோனின் சுரக்கத் தொடங்குகிறது. அது கணையத்தையும் எட்டி, இன்சுலின் சுரப்பைச் சற்றே அடக்கி வைப்பது இதற்கு ஒரு காரணம். மற்றொரு நுட்பமும் உண்டு. முதல் வேளை உணவு, அடுத்த வேளை உணவின் சர்க்கரையை உடல் கையாள்வதற்கு உதவி செய்கிறது என்பதை ஐரோப்பிய மருத்துவர்கள் 1920களிலேயே கண்டுவிட்டார்கள். காலையில் பட்டினி கிடந்து மதியம் உண்பவரின் ரத்தத்தில், அதே மதியச் சோறு அதிகச் சர்க்கரையை ஏற்றிவிடுகிறது. அன்றியும், வடித்து ஆறவைத்த சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி எளிதில் ஜீரணமாகாத நிலைக்கு மாறிவிடுவதால், அதிலிருந்து சர்க்கரை சற்று நிதானமாகவே ரத்தத்தில் சேர்கிறது. பழையது இந்த வகையிலும் உபகாரம் செய்திருக்கிறது.

ஆனால் இந்த வாதத்தை அளவுக்கு மீறி இழுத்துச் செல்லக்கூடாது. இஸ்ரேலில் டேனியேலா ஜகுபோவிச் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பருமனான பெண்களுக்கு நாளொன்றுக்கு 1,400 கலோரி கொடுத்து, ஒரு பிரிவினருக்குக் காலை 700, மதியம் 500, இரவு 200 என்றும், மறு பிரிவினருக்கு அதைத் தலைகீழாக்கியும் பங்கிட்டார்கள். 12 வாரங்களில் முதற்பிரிவினர் சராசரியாக 8.7 கிலோவும் மற்றவர்கள் 3.6 கிலோவும் குறைந்தார்கள். இதைக் கண்டு உலகம் ஆரவாரித்தது. பின்னர் 2022இல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 30 பேருக்கு உணவு முழுவதையும் அளந்து கொடுத்து, அதே மனிதர்களை இரு முறைகளிலும் வைத்துப் பார்த்தபோது, எடைக் குறைவில் வித்தியாசமே தென்படவில்லை. காலையில் அதிகம் உண்ட நாட்களில் பசி மட்டும் அடங்கியிருந்தது. எனவே கலோரியின் மொத்தத் தொகையைக் கடிகாரம் அழித்துவிடாது. மூன்று வேளையும் மிதமிஞ்சி உண்பவருக்குக் காலைச் சாப்பாடு விமோசனம் தராது. பசி அடங்குவதும் ரத்தச் சர்க்கரை கட்டுக்குள் நிற்பதுமே காலை உணவின் மெய்யான பிரயோஜனங்கள். நம் பகுதிக்கு அவையே பெரிய லாபம்.

ஏனெனில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதத்தினரும், விழுப்புரம் மாவட்டத்தை ஒட்டியுள்ள புதுச்சேரியில் 26.3 சதவீதத்தினரும் நீரிழிவுக்கு ஆட்பட்டிருப்பதாகத் தெரிவித்தது. இந்நோய்க்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள், உணவு நேரத்தை மாற்றுவதாயின் மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். மருந்தும் உணவும் ஒன்றையொன்று தவறவிட்டால் சர்க்கரை அபாயகரமாக இறங்கிவிடும்.

குழந்தைகள் விஷயத்தில் நம் அரசாங்கம் செய்திருப்பது மனமாரப் பாராட்டத்தக்கது. 1956இல் காமராசர் காலத்தில் பரவலாகத் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய மதிய உணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஈர்த்தது. எனினும், பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போய்விடுகிற வீட்டுப் பிள்ளை, முந்தின இரவு உண்டதோடு மதியம் வரை காத்திருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பட்டு, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் அந்த இடைவெளியை அடைத்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிடைக்கும் காலை உணவில் சராசரியாகச் சுமார் 293 கலோரியும், மதிய உணவில் சுமார் 553 கலோரியும் அடங்கியிருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,700 கலோரி தேவை என்று கொண்டால், அதில் சரிபாதி பிற்பகலுக்கு முன்பே வயிற்றில் சேர்ந்துவிடுகிறது. ஆராய்ச்சிக்கூடங்கள் சிபாரிசு செய்கிற பங்கீடு, விக்கிரவாண்டி, மயிலம் பக்கத்துச் சிற்றூர்ப் பள்ளிகளில் தினந்தோறும் நடைபெற்றுக்கொண்டிருக்கிறது.

பெரியவர்களுக்கு அத்தகைய ஏற்பாடு இல்லை. முண்டியம்பாக்கத்தின் சர்க்கரை ஆலை அரவைப் பருவத்தில் இரவும் பகலும் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் லாரிகளும் பேருந்துகளும் ஓய்வதில்லை. இரவில் கண்விழித்து வேலை செய்பவர்களைப் போலவே 19 பேரை ஆய்வுக்கூடத்தில் இருக்கச் செய்து, 2021இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து விஞ்ஞானிகள் சோதித்தபோது, இரவிலும் உண்டவர்களின் சராசரிச் சர்க்கரை 6.4 சதவீதம் உயர்ந்தது; இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டுமே உண்டவர்களுக்கு அவ்வாறு உயரவில்லை. ஆகவே இரவு வேலைக்குப் போகிறவர் புறப்படுமுன் ஏழு மணிக்குள் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, நள்ளிரவில் பிரியாணியையும் பரோட்டாவையும் தவிர்ப்பது நலம். இடையில் பசி தாங்கவில்லையென்றால் ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை போதும். திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கி 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 என்ற ரகம் முதலாக இம்மண் வளர்த்துப் புகழ்பெற்ற அந்தப் பருப்பில், 30 கிராமுக்குச் சுமார் 170 கலோரியும் ஏழு கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும் உண்டு. சர்க்கரையை அது திடீரென்று ஏற்றுவதில்லை. இரவு முறைக்கு வருகிற தொழிலாளி ஏழு மணிக்குள் உண்டுவிட்டு வேலைக்கு ஏறும்படி, ஆலைகளும் பணிமனைகளும் தங்கள் உணவகங்களின் நேரத்தை மாற்றி அமைக்க வேண்டும். அதற்குப் பெரும் செலவு பிடிக்காது.