மோசல் ரீஸ்லிங்: புளிப்பைக் கவனியுங்கள்

ரீஸ்லிங் என்றதும் தித்திப்பு ஒயின் என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர். ஜெர்மனியின் மோசல் ஆற்றங்கரை ரீஸ்லிங்கை அப்படி ஒதுக்குவது பெரிய இழப்பு. அந்த ஒயினின் உயிர் புளிப்பில் இருக்கிறது. இனிப்பு அதற்குத் துணை.

மோசல் பள்ளத்தாக்கு வடக்கு அட்சரேகை 50 டிகிரியை ஒட்டிக் கிடக்கிறது. திராட்சை பழுக்கவே திணறும் குளிர். அதனால்தான் வெயில் நேராக விழும் செங்குத்தான சரிவுகளில் கொடி நடுகிறார்கள். பிரெம் என்ற ஊரில் உள்ள கால்மோன்ட் சரிவின் சாய்வு சில இடங்களில் 65 டிகிரியைத் தொடும். டிராக்டர் ஏறாது, பழத்தைக் கையால்தான் பறிக்க வேண்டும். மண்ணை மூடிக் கிடக்கும் கருஞ்சிலேட்டுக் கற்கள் பகலில் சூட்டை வாங்கி இரவில் விடுகின்றன. அப்படியும் பழம் அவசரப்படுவதில்லை, அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். வெப்பமான ஊர்களில் பழம் கனிவதற்குள் அதிலுள்ள மாலிக் அமிலத்தில் பெரும்பகுதி கரைந்துபோகும். குளிரில் அது தங்கிவிடுகிறது. மணம் முதிரும், புளிப்பும் குறையாது.

குடிக்கும்போது ஒயின் 8 முதல் 10 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் எழாது. சில நிமிடம் வெளியே வையுங்கள். கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு போதும். முதலில் மோந்து பாருங்கள்: எலுமிச்சை, பச்சை ஆப்பிள், பீச், வெள்ளைப் பூக்கள். நனைந்த கல்லின் வாசனையையும் பலர் சொல்வார்கள். கல்லின் ருசியே வேர் வழியாகப் பழத்தில் ஏறுகிறது என்ற பேச்சை அறிவியல் ஏற்பதில்லை. ஆனாலும் அந்த வாசனையைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மிடறு எடுத்து வாயில் சற்று நிறுத்துங்கள். முதலில் தித்திக்கும். அடுத்த நொடியே கன்னங்களின் உட்புறம் எச்சில் ஊறும். அதுதான் அமிலத்தின் வேலை. லிட்டருக்கு 40 கிராம் சர்க்கரை இருந்தும் ஒயின் திகட்டாமல் இருப்பது இதனால்தான். சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு வெறும் சர்க்கரைத் தண்ணீர்போல் இருக்கிறதா என்ன? விழுங்கிய பிறகும் கொஞ்சம் பொறுத்திருங்கள். வாய் சுத்தமாகி மணம் மட்டும் நின்றால் அது நல்ல ஒயின். பாகுபோல் ஒட்டிக்கொண்டால் புளிப்பு போதவில்லை.

வாங்கும்போது லேபிளில் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. எனவே 8 சதவீதம் என்றால் நொதித்தலைப் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள், இனிப்பு மிச்சமிருக்கும். 12 சதவீதம் என்றால் அநேகமாக இனிப்பு இருக்காது. ‘ட்ரோக்கன்’ என்று போட்டிருந்தாலும் அப்படியே. கபினெட், ஷ்பேட்லேசே, அவுஸ்லேசே ஆகிய லேபிள் சொற்கள் பறிக்கும்போது பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைச் சொல்பவை. பாட்டிலில் உள்ள இனிப்பின் அளவாக அவற்றைப் படிக்க வேண்டாம்.

பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள்போல ஏதாவது மின்னினால் பயப்படாதீர்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிந்த படிகம் அது. நம் சமையல் புளியில் இருப்பதும் அதே அமிலம்தான். சில வருடம் பழகிய ரீஸ்லிங்கில் லேசான மண்ணெண்ணெய் வாடை வரும். டிடிஎன் என்ற சேர்மம்தான் காரணம். தேன் மணத்தோடு அது கலந்து வரும்போது எனக்கு மிகவும் பிடிக்கும்.

காரமான சாப்பாட்டோடு குடிப்பதானால் 8 சதவீத கபினெட்டையே எடுங்கள். ஆல்கஹால் கூடினால் மிளகாயின் எரிச்சலும் கூடும். இதில் ஆல்கஹால் குறைவு, இருக்கிற இனிப்பு எரிச்சலைத் தணிக்கும், புளிப்பு எண்ணெய்ப் பிசுக்கை அறுக்கும்.