ரம்ப மேஜைக்கு ஒரு மடக்குப் பின்தாங்கி

நம் தருமபுரி மாவட்டத்தில் தறியையும் நிலத்தையும் நம்பி வாழும் அங்கத்தினர் சிலர், ஓய்வு நேரங்களில் வீட்டிலேயே தச்சுவேலையும் செய்து வருகின்றனர். பட்டுப்புழு வளர்ப்பு மனைக்கு வேண்டிய அடுக்குச் சட்டங்கள், தறியின் தேய்ந்த மரங்களுக்கு மாற்று, மாம்பழப் பெட்டிக்குப் பலகை என வேலைக்குக் குறைவில்லை. இதற்காக மின்சார வட்டரம்பம் பொருத்திய மேஜையும் சில வீடுகளுக்கு வந்துவிட்டது. அதன் முன்பக்கத்தை யாவரும் கவனிக்கின்றனர். பின்பக்கத்தைக் கவனிப்பார் அரியர்.

சங்கத் தணிக்கைக்காக நாம் சென்ற ஒரு சிற்றூரில் நெசவாள அங்கத்தினர் ஒருவர் இடக்கையில் கட்டுடன் வந்து கையொப்பமிட்டார். “பலகை பின்னால் சாய்ந்ததுங்க, பிடிக்கப் போனேன்” என்றார். இரு விரல் நுனிகள் போயிருந்தன. அறுந்த இழையைப் பிணைக்கும் விரல்கள் அவை. தறிக்குத் திரும்ப அவருக்குப் பல மாதங்கள் ஆயின. அவருடைய ரம்பத்திலோ, பிளேடிலோ பழுது ஏதும் இல்லை. அறுந்து வெளியேறும் பலகையைத் தாங்க மேஜைக்குப் பின்னே ஒன்றும் இல்லாததே குறை.

சாய்வதற்குக் காரணம் எளிது. பிளேடின் நடுவிலிருந்து மேஜையின் பின்விளிம்பு வரை ஓர் அடி என்று கொள்வோம். 6 அடிப் பலகையில் பாதிக்குமேல் அவ்விளிம்பைத் தாண்டியதும், தராசின் கனத்த தட்டைப்போல் அது பின்னே தாழும். அப்போது அறுபடாத பகுதி இன்னும் ஏறக்குறைய 2 அடி இருக்கும். பலகையின் முன்முனை மேலே கிளம்ப, வேலை செய்பவர் அதை அழுத்துவார், அல்லது பிளேடுக்கு மேலாக எட்டிப் பிடிப்பார். பலகை சற்றே திருகினாலும், பிளேடின் பின்பக்கத்தில் மேல்நோக்கி எழும் பற்கள் அதைக் கவ்வி ஆளின்மீதே எறிந்துவிடும். நிமிடத்திற்கு 2,880 முறை சுழலும் 10 அங்குலப் பிளேடின் விளிம்பு, நொடிக்கு ஏறத்தாழ 38 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தின் முன் நம் கைவிரைவு எம்மாத்திரம்?

ஆதலின் பின்தாங்கி வேண்டும். ஆனால், குழித்தறி ஓர் அறையைக் கொண்டுவிட்ட வீட்டில் நிலையான நீண்ட மேஜைக்கு இடமேது? வேலை முடிந்ததும் கீழே மடங்கித் தொங்கும் பலகையே நமக்கு ஏற்றது.

மேஜையின் உயரம் 34 அங்குலம் என்று வைத்துக்கொண்டு அளவு சொல்வோம். முதலில் 2 அங்குலத் தடிப்புள்ள மரச்சட்டம் ஒன்றை மேஜையின் பின்விளிம்பில் போல்ட்டுகளால் இறுக்குக. மேஜையின் அகலத்துக்கு ஒப்பாகவும், 28 அங்குல நீளத்திலும் முக்கால் அங்குலப் பிளைவுட் பலகை ஒன்றை அறுத்து, அச்சட்டத்தோடு அடிப்பக்கத்தில் மூன்று கீல்களால் இணைக்க. கீல் மேற்பக்கம் வந்தால் பலகை கீழே மடங்காது. அறுபடும் மரமும் அதில் தட்டும்.

மடக்கும் கால் வைக்கலாமே என்று தோன்றும். தரையைத் தொடும் கால் 33 அங்குலமாவது இருக்க வேண்டும். 28 அங்குலப் பலகையின் நீளவாக்கில் அது மடங்கி அடங்காது. மண்தரையின் மேடுபள்ளமும் இடையூறு செய்யும். எனவே சாய்வுக்கட்டைகள் இரண்டே மேல். இயந்திரத்தின் பின்கால்களில் பலகைக்கு 18 அங்குலம் கீழே ஒரு முனை. அக்கால்களிலிருந்து 18 அங்குலம் வெளியே, பலகையின் அடியில் மறுமுனை. கட்டையின் நீளம் ஏறத்தாழ 25½ அங்குலம் வரும். இரு முனைகளையும் துளையில் செருகும் போல்ட்டுகளால் பிணைக்க வேண்டும். வெறும் கொக்கி அதிர்வில் கழன்றுவிடும். மடக்கும்போது கட்டைகளைக் கழற்றிப் பலகையின் அடியிலேயே மாட்டி வைக்கலாம்.

பலகையின் மேற்பரப்பு மேஜையைவிட அரை நூல் தாழ இருக்கட்டும். உயர்ந்திருந்தால் வெளிவரும் மரம் முட்டி நிற்கும். முன்விளிம்பைச் சிறிது சாய்வாக இழைத்துவிடுவது நலம். மேஜையில் கோணச்சட்டம் ஓடும் பள்ளங்கள் இருப்பின், அவற்றைப் பின்தாங்கியிலும் நீட்டி வெட்டுக.

இப்போது பிளேடின் நடுவிலிருந்து 42 அங்குலம் வரை தாங்கல் கிடைத்துவிட்டது. 6 அடிப் பலகையின் நடு 36 அங்குலமாதலால், அறுப்பு முடியும்வரை அது சாயாது. 8 அடிப் பலகைக்கு இது போதாது. அதற்குப் பின்னே வேறொரு தாங்கியும் வேண்டும். உதவிக்கு ஆள் நின்றால், அவர் தாங்க வேண்டுமேயன்றி இழுக்கலாகாது.

இயந்திரத்தின் கால்களைத் தரையில் இறுக்காவிடில், கனம் ஏறும்போது மேஜையே பின்னே கவிழக்கூடும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, பின்தாங்கியின் வெளிவிளிம்பில் 10 கிலோ எடையை வைத்துச் சோதித்த பின்னரே ரம்பத்தை ஓட்டுக.

பின்தாங்கி இருப்பதால் மற்றக் காவல்கள் வேண்டாம் என்பதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் எழுந்த மாதிரி விதிகள், பிளேடின் பின்னே பிளவுத் தகடு இருக்க வேண்டும் என்றும், அதற்கும் பற்களுக்கும் இடைவெளி 10 மில்லிமீட்டருக்கு மிகலாகாது என்றும், தள்ளுகட்டை வேண்டும் என்றும் வகுத்தன. தொழிற்சாலைக்கு இவற்றைப் பார்க்க ஆய்வாளர் உண்டு. வீட்டுத் தாழ்வாரத்திற்கு அங்கத்தினரே ஆய்வாளர்.

சங்கக் கணக்கில் நட்டம் நேர்ந்தால் அடுத்த ஆண்டு ஈடுகட்டலாம். போன விரலை எந்த ஆண்டிலும் வரவு வைக்க இயலாது. ஆகவே ரம்பம் வைத்திருக்கும் அங்கத்தினர், அடுத்த பலகையை ஏற்றுமுன் ஒருமுறை மேஜைக்குப் பின்னே சென்று பார்ப்பாராக.