மாடு ஏன் குறட்டை விடுகிறது?

குட்டையில் இறங்கிப் பழகிய மாடு நின்றபடியே குறட்டை விட்டால், மூக்குச் சவ்வின் ரத்தக் குழாய்களில் ஒரு தட்டைப்புழு குடியேறியிருக்கலாம். பெயர் சிஸ்டோசோமா நேசேல். 1933-இல் அதை விவரித்துப் பெயரிட்டவர் சென்னையில் பணியாற்றிய எம். அனந்த நாராயண ராவ்.

எப்படிப் பரவுகிறது?

மூக்குச் சளியோடு முட்டைகள் நீரில் விழுந்து பொரிகின்றன. வெளிவரும் இளம்புழு, இண்டோபிளானார்பிஸ் என்ற சுருள் நத்தைக்குள் நுழைந்து பெருகுகிறது. பிறகு ஆயிரக்கணக்கான வால்புழுக்கள் நீந்தி வந்து மாட்டின் தோலைத் துளைக்கின்றன. மனிதத் தோலிலும் புகும். ஆனால் வளராமல் மடிந்து, அரிப்பையும் தடிப்பையும் தரும்.

குட்டையில் சாக்கடை நீர் கலந்தாலும் இந்த நத்தை எப்படிப் பிழைக்கிறது?

அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும். நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் கவலையில்லை. கழிவுநீரின் சத்தில் தழைக்கும் ஆகாயத்தாமரை உணவும் நிழலும் தருகிறது. இருபால் உயிரி என்பதால் தனி நத்தையே ஒரு கூட்டத்தைத் தொடங்கிவிடும். நம் ஊர் நத்தையான இது, ஆப்பிரிக்காவில் அந்நிய ஊடுருவி. வட அமெரிக்காவின் ஃபைசா அக்யூட்டா நத்தையோ இங்கே வந்து பரவியிருக்கிறது. மீன்தொட்டிச் செடிகள் அதன் முக்கிய வாகனம்.

என்ன செய்யலாம்?

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் மாடு வளர்ப்போர் தொட்டியில் தண்ணீர் காட்டலாம். வால்புழு ஓரிரு நாளே உயிர்வாழும் என்பதால், இறைத்து அதற்கும் மேலாகத் தேக்கிய, நத்தை இல்லாத நீர் பாதுகாப்பானது. குட்டையில் களையெடுத்து வாத்து விட்டால் நத்தை குறையும். மீன்தொட்டிக் கழிவை ஏரியில் கொட்டவே கூடாது.