வீட்டைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம்: நுகர்வோர் அறிய வேண்டியவை

கடையில் ஒரு சோப்புக் கட்டி வாங்குபவருக்கு, அதன் எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளரின் முகவரி ஆகியவை உறையின்மேல் அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்ற சட்டப் பாதுகாப்பு உண்டு. ஐந்து அல்லது ஆறு இலட்ச ரூபாய் செலவில் சமையலறையையும் குளியலறையையும் மாற்றியமைக்க ஒப்பந்தக்காரர் ஒருவரை அமர்த்துபவருக்கோ, பெரும்பாலும் ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்ட மொத்தத் தொகையே கிடைக்கிறது. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் தரம், எத்தனை நாளில் என்ற விவரங்கள் வாய்மொழியாகவே நின்றுவிடுகின்றன. ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவரின் சேமநிதியில் பெரும்பகுதி இத்தகைய துண்டுத் தாளை நம்பியே கைமாறுவதுண்டு. வேலை பாதியில் நின்றுவிட்டால் இழப்பது பணத்தை மட்டுமன்று. குடியிருக்கும் வீட்டையே பல மாதங்கள் பயன்படுத்த இயலாத நிலையும் ஏற்படுகிறது.

கிங்ஸ் சர்க்கிளின் பழைய கட்டடங்கள்

இச்சிக்கலை நன்கு காணக்கூடிய இடங்களுள் ஒன்று மும்பையின் கிங்ஸ் சர்க்கிள், மாட்டுங்கா பகுதி. 1896-ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின், 1898-இல் அமைக்கப்பட்ட பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட், தாதர், மாட்டுங்கா நிலப்பகுதிகளைத் திட்டமிட்ட குடியிருப்புகளாக வகுத்தது. அகன்ற சாலைகளும் தோட்டங்களும் கொண்ட இப்பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் இருபதுகள் முதல் மூன்று, நான்கு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. அலுவலகப் பணிக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் இங்குத் தோன்றியது இக்குடியேற்றத்தின் விளைவே எனலாம்.

அக்கட்டடங்களில் பல இன்று எண்பது ஆண்டுகளைக் கடந்தவை. கடற்காற்றின் ஈரமும் நான்கு மாத மழையும் கான்கிரீட்டினுள் உள்ள இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. துருவேறிய கம்பி பருத்து, மேற்பூச்சைப் பிளக்கிறது. குளியலறைத் தரையின் கசிவு கீழ்வீட்டுக் கூரையில் கறையாக வெளிப்படுகிறது. எனவே இங்குப் புதுப்பித்தல் என்பது அழகுக்காக மட்டும் மேற்கொள்ளப்படுவதன்று. பல வீடுகளில் அது தவிர்க்க முடியாத தேவையாகும்.

முதற்கண் எவருடைய அனுமதி?

ஒப்பந்தக்காரரைத் தேடுவதற்கு முன்னரே, வீட்டின்மீது தமக்குள்ள உரிமை எத்தகையது என்பதைக் குடும்பத்தினர் தெளிவுபடுத்திக்கொள்வது இன்றியமையாதது.

கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க உறுப்பினர், வீட்டில் மாற்றம் செய்யுமுன் நிர்வாகக் குழுவின் எழுத்து மூலமான அனுமதியைப் பெற வேண்டும். மகாராஷ்டிர மாநிலத்தின் மாதிரி உபவிதிகளின்படி, மழைநீரினாலும் வெளிப்புறப் பொதுக் குழாய்களாலும் ஏற்படும் கசிவைச் சரிசெய்யும் செலவு சங்கத்தைச் சேரும். வீட்டினுள் கழிப்பறை, தொட்டி முதலியவற்றால் ஏற்படும் கசிவின் செலவு உறுப்பினரைச் சேரும். இதை அறியாமல் சங்கம் ஏற்க வேண்டிய செலவைத் தாமே ஏற்பவர்கள் உண்டு.

பாகடி முறையிலோ பழைய வாடகையிலோ குடியிருப்பவர் மேலும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன்படி, உரிமையாளரின் எழுத்து மூலமான இசைவின்றி நிரந்தரக் கட்டுமானம் எழுப்புவது குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கு ஒரு காரணமாகலாம். அதே சட்டம், கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்துகிறது. 1969 செப்டம்பர் 30-க்கு முன் கட்டப்பட்டுப் பழுதுபார்ப்பு வரி செலுத்தும் தீவு நகரக் கட்டடங்களில், கட்டமைப்புப் பழுதுகளைக் கவனிப்பதற்கென வீட்டுவசதி மேம்பாட்டு ஆணையமான மாடாவின்கீழ் ஒரு தனி வாரியமே இயங்குகிறது. தூண், விட்டம் போன்றவற்றின் பழுதைக் குடியிருப்பவர் தம் சொந்த ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைப்பது முறையன்று.

மும்பை மாநகராட்சிச் சட்டம், 1888 சாதாரணப் பராமரிப்பையும் கட்டமைப்பு மாற்றத்தையும் வேறுபடுத்துகிறது. பூச்சு, வர்ணம், தரை ஓடு மாற்றுதல் போன்றவை முதல் வகை. சுவரை இடித்தல், அறையின் அமைப்பை மாற்றுதல் ஆகியவற்றுக்கு மாநகராட்சியை அணுக வேண்டும். கிங்ஸ் சர்க்கிளுக்குரிய எஃப் வடக்கு வார்டு அலுவலகம் மாட்டுங்காவிலேயே உள்ளது.

இவ்வேறுபாட்டைப் புறக்கணித்ததன் விளைவை 2017 ஜூலை 25-ஆம் நாள் மும்பை கண்டது. காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து விழுந்து 17 பேர் உயிரிழந்தனர். கீழ்த்தளத்தில் நடந்த புதுப்பிப்பு வேலையின்போது தூண்கள் சேதப்படுத்தப்பட்டன என்பதே எழுந்த குற்றச்சாட்டாகும். தூணையோ விட்டத்தையோ தொடும் வேலை எதுவாயினும், கட்டமைப்புப் பொறியாளரின் எழுத்து மூலமான ஆலோசனையின்றி அதைத் தொடங்கலாகாது.

சந்தையின் இயல்பு

ஒப்பந்தக்காரர்கள் அனைவரும் நேர்மையற்றவர்கள் என்பதன்று இதன் பொருள். சிக்கல் சந்தையின் அமைப்பிலேயே உள்ளது. விற்பவர் அறிந்தவற்றை வாங்குபவர் அறியாத சந்தையில், தரமான பொருளைத் தரமற்ற பொருள் வெளியேற்றிவிடும் என்பதை அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய மோட்டார் கார்களின் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்கினார். புதுப்பிப்பு வேலைக்கும் இது பொருந்தும். ஓட்டின் அடியில் உள்ள நீர்க்கசிவுத் தடுப்பு சரியாகச் செய்யப்பட்டதா என்பது அடுத்த மழைக்காலத்தில்தான் தெரியவரும். மிகக் குறைந்த விலை கேட்பவருக்கே வேலை கொடுக்கப்படுமானால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செலவைக் குறைப்பவரே வெற்றி பெறுவார். நேர்மையாகக் கணக்கிட்டவர் வேலையை இழப்பார்.

உள் அலங்காரமும் புதுப்பிப்பும் செய்பவருக்குத் தனியான தொழில் உரிமம் எதையும் நம் நாட்டுச் சட்டம் பொதுவாகக் கோருவதில்லை. மின் வேலைக்கு உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் தேவை என்பது முக்கியமான விதிவிலக்கு. ‘ரெரா’ எனப்படும் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய வீடுகளின் விற்பனையைக் கட்டுப்படுத்துகிறது. விற்பனையோ புதிய ஒதுக்கீடோ இல்லாத பழுதுபார்ப்பு, புதுப்பிப்பு வேலைகளைப் பதிவிலிருந்து அது விலக்குகிறது. ஆகவே புதுப்பிப்பவருக்கு முதன்மையான பாதுகாப்புகள் இரண்டு: கையெழுத்திட்ட ஒப்பந்தம், இன்னும் கொடுக்கப்படாமல் கையில் உள்ள பணம்.

அளவும் விலையும்

குறைந்தது மூன்று விலைப்புள்ளிகளைப் பெறுவது நன்று. ஆயின் மூன்றும் ஒரே வேலைப் பட்டியலுக்குரியவையாக இருந்தால்தான் ஒப்பிட இயலும். இடித்தல், குப்பை அகற்றல், குழாய், மின் கம்பி, பூச்சு, தரை, மரவேலை, வர்ணம் என ஒவ்வொன்றுக்கும் அளவு, அலகு, விலை தனித்தனியே குறிக்கப்பட வேண்டும். ‘கூலி மட்டும்’ என்பதா, ‘பொருளுடன்’ என்பதா என்பதும் தெளிவாதல் வேண்டும். பொருட்களுக்கு இந்தியத் தர நிர்ணய எண்ணைக் குறிப்பிடலாம்: பி.வி.சி. மின் கம்பிக்கு ஐ.எஸ். 694, ஈரம் தாங்கும் ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710, சாதாரண ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 303. ஒட்டுப்பலகை என்று மட்டும் எழுதினால், சமையலறைத் தொட்டியின் அடியில் எந்த வகை வைக்கப்படும் என்பது ஒப்பந்தக்காரரின் விருப்பமாகிவிடும்.

அளவை வீட்டுக்காரரே சரிபார்க்கலாம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையின் நான்கு சுவர்களும் சேர்ந்து 440 சதுர அடி. கூரை 120 சதுர அடி. மொத்தம் 560. கதவு 21, சன்னல் 16 சதுர அடி எனில், அவற்றைக் கழித்தால் 523. பட்டியலில் 600 என்று காணப்பட்டால் 77 சதுர அடி மிகையாகும். சதுர அடிக்கு ரூ. 30 எனக் கொண்டால், ஓர் அறைக்கே ரூ. 2,310 கூடுதலாகச் செலவாகும். கதவு, சன்னல் கழிவை எவ்வாறு கணக்கிடுவது என்பதில் பின்னர் வாதம் எழாதிருக்க, கட்டட வேலை அளவீட்டுக்குரிய ஐ.எஸ். 1200 முறையைப் பின்பற்றுவதென ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம்.

சரக்கு, சேவை வரி விலையில் அடங்கியதா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். பதிவு பெறாத ஒப்பந்தக்காரர் இவ்வரியை வசூலிக்க இயலாது. பதிவு பெற்றவர் வரி எண்ணுடன் கூடிய பட்டியல் தர வேண்டும். ‘பட்டியல் வேண்டாம் என்றால் வரியில்லை’ என்ற பேச்சுக்கு இணங்குபவர், பின்னர் முறையிடுவதற்குத் தேவையான முதல் சான்றைத் தாமே கைவிடுகிறார்.

பணம் வேலையை முந்தலாகாது

ரூ. 6 இலட்சம் மதிப்புள்ள வேலையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முன்பணமாகப் பாதியும், சில வாரங்களில் மேலும் 30 சதவீதமும் கொடுக்கப்பட்டால் ஒப்பந்தக்காரரிடம் ரூ. 4,80,000 சேர்ந்துவிடும். அப்போது ரூ. 3 இலட்சம் பெறுமான வேலையே முடிந்திருக்குமானால், எஞ்சிய ரூ. 3 இலட்சம் வேலையை ரூ. 1,20,000 பெறுவதற்காக அவர் செய்தாக வேண்டும். அதைவிட வேறொரு வீட்டில் புதிய முன்பணம் பெறுவதே அவருக்கு இலாபகரமானது. வேலைகள் பாதியில் நிற்பதன் பொருளாதாரக் காரணம் பெரும்பாலும் இதுவே. அதற்கு மாறாகக் கீழ்க்காணும் முறையில் தொகையைப் பகுத்துக்கொள்ளலாம்:

ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது: 10 சதவீதம் – ரூ. 60,000
குழாய், மின் கம்பிப் பாதை, நீர்க்கசிவுத் தடுப்பு முடிந்து சோதித்த பின்: 25 சதவீதம் – ரூ. 1,50,000
பூச்சும் தரையும் முடிந்த பின்: 25 சதவீதம் – ரூ. 1,50,000
மரவேலையும் பொருத்துதல்களும் முடிந்த பின்: 20 சதவீதம் – ரூ. 1,20,000
வர்ணம் முடிந்து ஒப்படைக்கும்போது: 10 சதவீதம் – ரூ. 60,000
ஒரு மழைக்காலம் கடந்த பின்: 10 சதவீதம் – ரூ. 60,000

நேர்மையான ஒப்பந்தக்காரருக்கும் இம்முறையில் இழப்பில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் அவருக்குரிய தொகை தாமதமின்றிக் கிடைப்பதை வீட்டுக்காரர் உறுதிசெய்ய வேண்டும். கொத்தனார், தச்சர், சித்தாள் ஆகியோரின் வாரக் கூலி அதை நம்பியே உள்ளது. பொருள் வாங்க மேலும் முன்பணம் தேவை என்று அவர் கூறினால், கடைக்கு வீட்டுக்காரரே நேரடியாகப் பணம் செலுத்திப் பட்டியலைத் தம் பெயரில் பெறலாம். எந்தத் தொகையையும் வங்கி வழியாகக் கொடுப்பதே பாதுகாப்பானது.

மறைந்துவிடும் வேலைகள்

மூடப்படுவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை மூடிய பின் பார்க்க இயலாது. மும்பையில் குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் ‘பிரிக்பேட் கோபா’ எனப்படும் செங்கல் துண்டுத் தளம் போடுவது வழக்கம். அதன்மேல் ஓடு பதிக்குமுன், வடிகாலை அடைத்து நீரைத் தேக்கி, இரண்டு நாட்களேனும் கீழ்வீட்டுக் கூரையைக் கவனிக்க வேண்டும். சுவருக்குள் செல்லும் குழாய்களையும் கம்பிகளையும் பூசுமுன் நிழற்படம் எடுத்து வைப்பது பிற்காலத்தில் ஆணி அடிப்பவருக்கும் உதவும். வழக்கு எழுந்தால் சான்றாகவும் நிற்கும்.

ஒப்பந்தத்தில் இல்லாத கூடுதல் வேலை எதுவும், விலை எழுதிக் கையெழுத்தான பின்னரே தொடங்கப்பட வேண்டும். தொடங்கும் நாள், முடிக்கும் நாள், தாமதத்திற்கான வாரக் கழிவு, தொழிலாளருக்கு விபத்து நேர்ந்தால் பொறுப்பு, இடிபாடுகளை மாநகராட்சி விதிப்படி அகற்றும் பொறுப்பு ஆகியவையும் எழுத்தில் இடம்பெறல் வேண்டும். ஜூனில் மழை தொடங்குவதால், ஈர வேலைகளை அக்டோபருக்கும் மே மாதத்திற்கும் இடையே முடிக்கத் திட்டமிடுவது விவேகமானது.

தகராறு எழுந்தால்

1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வீடு கட்டுமானம் ஒரு சேவை என்பது 1993-இல் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது நீடிக்கிறது. இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. குறிப்பிட்ட வேலையைத் தம் பொறுப்பில் முடித்துத் தர ஏற்ற ஒப்பந்தக்காரரின் பணி இச்சட்டத்தின்கீழ் வரும். நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டு, வீட்டுக்காரரின் ஆணைப்படி வேலை செய்யும் கொத்தனாரின் பணி தனிப்பட்ட ஊழியமாகக் கருதப்பட்டு விலக்கப்படலாம்.

குறை தோன்றியதும், குறைகளைப் பட்டியலிட்டு, சரிசெய்யக் கால அவகாசம் குறித்து, ஒப்பந்தக்காரருக்கு எழுத்து மூலமான அறிவிப்பு அனுப்ப வேண்டும். வேறொரு பொறியாளரிடம், குறைகளைச் சரிசெய்ய ஆகும் செலவு குறித்த மதிப்பீட்டைப் பெறுவது இழப்பீட்டுத் தொகையை நிறுவ உதவும். அடுத்து, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அணுகலாம். அதிலும் தீர்வு கிட்டாவிடில், குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். கொடுத்த தொகை ரூ. 50 இலட்சம் வரை எனில் மாவட்ட ஆணையமே போதும். ரூ. 5 இலட்சம் வரை கட்டணமில்லை, அதற்குமேல் ரூ. 10 இலட்சம் வரை கட்டணம் ரூ. 200 மட்டுமே. வழக்குரைஞர் கட்டாயமில்லை. முறையிடுபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த முக்கியமான வசதியாகும்.

செய்ய வேண்டியவை

கலிபோர்னியா மாநிலத்தில் வீட்டு மேம்பாட்டு ஒப்பந்தங்களில் முன்பணம், ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இவற்றுள் எது குறைவோ அதற்கு மேற்படலாகாது. சிங்கப்பூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளைப் புதுப்பிப்பவர்கள், வாரியத்தில் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்களையே அமர்த்த வேண்டும். இத்தகைய ஏற்பாடுகள் இங்கும் பரவலாகும் வரை, வீட்டுவசதிச் சங்கங்களே சிறிய அளவில் அப்பணியைச் செய்யலாம். அனுமதி வழங்கும்போதே மாதிரி ஒப்பந்தம் ஒன்றை உறுப்பினருக்குத் தருவதும், வேலை முடிந்த வீடுகளில் எந்த ஒப்பந்தக்காரர் எவ்வாறு செய்தார் என்பதைப் பதிவேட்டில் குறித்து வைப்பதும் செலவில்லாத செயல்களாகும். 1966-இல் ஒன்பது பெண்கள் பம்பாயில் தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கமும், 1975-இல் தோன்றிய மும்பை கிராஹக் பஞ்சாயத்தும், ஒன்றுகூடிய நுகர்வோர் எவ்வளவு சாதிக்க இயலும் என்பதை இந்நகரிலேயே காட்டியுள்ளன.

சட்டம் தரும் பரிகாரம், இழப்பு நேர்ந்த பின் கிடைப்பது. இழப்பையே தவிர்ப்பது, வேலை தொடங்குமுன் எழுதப்படும் இரண்டு பக்க ஒப்பந்தத்தினாலும், செய்து முடித்த வேலைக்கு மட்டுமே பணம் தருவது என்ற உறுதியினாலும் இயலும்.