கல் பதிக்கும் முன் வேலியைப் பாருங்கள்

சிட்னியில் எங்கள் பின்வளவில் நீச்சல் தடாகத்தைச் சுற்றிக் கல் பதிக்க நினைத்தபோது, நான் முதலில் வரைந்தது விருந்தைத்தான். பார்பிக்யூ அடுப்பு, பத்துப் பேருக்கு மேசை, வேலியோடு ஒட்டி ஒரு நீள வாங்கு. இடம் மிச்சம்தானே!

வேலை தொடங்குவதற்கு முதல் வாரம், மூன்று வயது மகன் பிளாஸ்டிக் கதிரையொன்றை அதே இடத்துக்கு இழுத்துப் போய் ஏறி நின்றான். கை வேலியின் மேல் விளிம்பில். ஓடிப்போய்த் தூக்கினேன். அன்றிரவே வரைபடத்தை மாற்றினேன்.

நியூ சவுத் வேல்ஸில் தடாக வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். கதவு தானாக மூடிக் கொளுவிக்கொள்ள வேண்டும். தடாகத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். வேலிக்கு வெளியே 90 சென்ரிமீட்டருக்குள் பிள்ளை ஏறக்கூடிய எதுவும் கூடாது. வாங்கும் கூடாது, பூச்சாடியும் கூடாது.

கல்லுக்கும் இதே கதைதான். கறுப்புக் கல் அழகு, ஆனா வெயிலில் வெறுங்கால் வைக்கேலாது. வெளிர்நிறத்தில், ஈரத்தில் வழுக்காத சொரசொரப்பான கல் எடுத்தோம். மழைத்தண்ணீர் தடாகத்துக்குள் போகாமல் வெளிப்பக்கம் சாய்வு வைத்தோம்.

அடுப்பின் இடத்தைத் தீர்மானித்தது அம்மா. "இஞ்ச நிண்டா பிள்ளையள் தெரியேல்லையே" என்றார். திருப்பி வைத்தோம். இப்ப சமைப்பவர் தண்ணீரைப் பார்த்தபடிதான் நிற்பார்.

அதுவும் போதாது. விருந்து நாளில் எங்களில் ஒருவருக்கு வேறு வேலையே இல்லை: கையில் போன் இல்லாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பது. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுவோம்.